கூரியர் அண்ணனின் 24 வருஷம்!

சின்னதா ஒரு கணக்கெடுப்பு. உங்க கிளாஸில் எத்தனை பேர் கடைசி பெல் அடித்ததும் நோட்டை பைக்குள் சொருகிட்டு, கலர் டி-ஷர்ட்டை மாட்டிக்கிட்டு, டெலிவரிக்குக் கிளம்புறீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம். கடைசி பெஞ்சில் நாலு, நடு பெஞ்சில் ரெண்டு... சரி சரி, கையை இறக்கிக்கலாம். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நீங்க ரெண்டு மாசமாவோ ரெண்டு வருஷமாவோ செய்ற வேலையை 24 வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் ஒருவரைத் திருப்பூரில் பிடித்தோம். 'பிடித்தோம்' என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. மனுஷன் நிற்கிற ஆளே கிடையாது. மூணு நாள் துரத்தி, நாலாவது நாள் மதியம் மூணரைக்கு, பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் மடக்கினோம்.

"பேரு போட்றாதீங்க தம்பி. கம்பெனி பேரும் வேண்டாம். இன்னும் சர்வீஸ் பாக்கி கெடக்குது" என்றார். ஓ.கே. நமக்கு அவர் 'கூரியர் அண்ணன்'. 2001-ல், மாசம் 1,800 ரூபாய் சம்பளத்துக்கு, கடன் வாங்கின ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டியோடு வேலையில் சேர்ந்தவர். பெரிய கூரியர் கம்பெனி ஒன்றின் திருப்பூர் கிளையில் இப்போது சீனியர் மோஸ்ட். ஆனால் வேலை அதேதான். காலையில் டெலிவரி, சாயங்காலம் பிக்கப்.

ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர்

முந்தின நாள் அவரை வேலையில் பார்த்தோம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் ரூம். மாலை 6.25. டேபிளில் ஆறு டி-ஷர்ட். ஐந்துக்கு லேபிள் தைத்தாச்சு, ஆறாவது இன்னும் மிஷினில். மெர்ச்சண்டைசர் அக்கா ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் டெய்லரை விரட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணன் வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிறார். கழற்றினால் உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பத்து நிமிஷம் போச்சு... இது அவரோட லாஜிக்!

எதுக்கு இவ்வளவு டென்ஷன் என்று கேட்கிறீர்களா? திருப்பூர் பனியன் கப்பலில் போகுது என்று எல்லோருக்கும் தெரியும். 2024-25-ல் மட்டும் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் போச்சு. ஆனால் கப்பலுக்கு முன்னாடி அது ஒரு கவரில் போயாகணும். கலர் சரியா என்று பார்க்க உள்ளங்கை அளவு சாயத்துணி. அதுதான் லேப் டிப். அப்புறம் ஃபிட் சாம்பிள், அப்புறம் சைஸ் செட், கடைசியாக பி.பி. சாம்பிள். இந்தக் கடைசி பீஸை பையர் தொட்டுப் பார்த்து ஓ.கே. சொன்னால்தான் மொத்தத் துணியையும் கட்டிங் டேபிளில் விரிப்பார்கள். இமெயிலில் போட்டோ அனுப்பலாம், துணியை அனுப்ப முடியாதே! கவர் ஒரு நாள் லேட் என்றால் லைனே காத்துக் கிடக்கும். கப்பல் தவறினால் சரக்கு பிளேனில் போகணும். அந்தச் செலவு பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டர் தலையில்தான். லாபம் மொத்தமும் ஆகாயத்தில் போயிடும், நிஜமாகவே.

கப்பல் கிளம்பின பிறகும் அண்ணனுக்கு வேலை உண்டு. 'பில் ஆஃப் லேடிங்' ஒரிஜினல் கைக்குப் போய்ச் சேராமல் அந்தப் பக்கம் கன்டெய்னரை எடுப்பது கஷ்டம். சரக்கு முன்னாடி போய், பேப்பர் பின்னாடி போனால் துறைமுகத்தில் வாடகை ஏறும். உலக கூரியர் பிசினஸே இந்தத் தலைவலியில் பிறந்ததுதான். 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில் டால்சி, ஹில்ப்ளாம், லின் என்று மூணு பேர், கப்பல் காகிதங்களை பிளேனில் ஹவாய்க்கு முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூணு பேரோட இனிஷியலைச் சேருங்க... டி.எச்.எல்!

இன்னொரு கில்லாடி கணக்கும் இருக்கு. பார்சலை எடை போடுவதோடு விடமாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவதும் ஒரு 'எடை'தான். 50-க்கு 40-க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ. உள்ளே ஒன்பது கிலோ பனியன்தான் இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் பில்! அதனால், ஆறாவது பீஸ் வந்ததும் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பாலிதீன் கவரை முழங்காலால் அமுக்கிக் காற்றையெல்லாம் வெளியேற்றி, இரண்டு சைஸ் சின்ன பெட்டியில் திணித்து, டேப் ஒட்டி முடித்தார். "இது என்ர வேலை இல்லீங்க. அவிங்களுக்கு நாலு காசு மிச்சமாகட்டும்னு செய்யறதுதான்" என்றார். அந்த முழங்காலுக்கு இப்போது பெல்ட் போட்டிருக்கிறார்.

மெமோவும் மைசூர்பாகும்

"வேலை புடிச்சிருக்குதுங்களாண்ணா?" என்று பேக்கரியில் கேட்டோம். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பதிலுக்கு ஒரு கதை வந்தது.

2006-ல் ஒரு சின்ன எக்ஸ்போர்ட்டர். எட்டு மிஷின் போட்ட ஷெட். முதல் டைரக்ட் ஆர்டர், பி.பி. சாம்பிள் அன்றைக்கே போயாகணும். ஏழு மணிக்கு கோயம்புத்தூர் ஏர்போர்ட் வண்டி கிளம்பிடும். 6.45-க்கு மேல் எந்த பாயின்ட்டிலும் நிற்கக்கூடாது என்பது ரூல். பட்டன் இன்னும் வரவில்லை. அந்த ஓனரோட சம்சாரம் கதவுப் பக்கம் நின்று ஒண்ணும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் பன்னிரண்டு நிமிஷம் நின்றார். வண்டி லேட். மறுநாள் மெமோ. அதே வாரக் கடைசியில் ஆர்டர் ஓ.கே. ஆகி ஒரு கிலோ மைசூர்பாகு!

"ரெண்டையும் ஒரே வாரத்துல வாங்குனனுங்க. மைசூர்பாகு தீந்துபோச்சு. மெமோ இன்னும் ஃபைல்ல இருக்குது."

அந்த ஷெட் இப்போது மூணு மாடி. போனால் வாட்ச்மேன் ஐ.டி. கார்டு கேட்கிறாராம். கோபம் வரலையா என்றோம். "அதெப்படிங்க கோவம் வரும்? அந்தக் கட்டடத்துல என்ர பன்னண்டு நிமிஷம் இருக்குதுங்க."

இப்படிப் பேசுகிறவர் அடுத்த வாயிலேயே கம்பெனியைத் திட்டவும் செய்கிறார். தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கிடைத்ததே இல்லை. நாய்க்கடி ஊசி மூணு தடவை போட்டாச்சு. மின்வெட்டுக் காலத்தில் லிப்ட் ஓடாத கட்டடங்களில் ஏறி இறங்கியதெல்லாம் இப்போது முட்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "பையன் எட்டாவது படிக்கறப்ப எந்த செக்‌ஷன்னு எனக்குத் தெரியாதுங்க. ஸ்கூலுக்கு ஒருக்கா போயி வாசல்ல முழிச்சிட்டு நின்னேன். ஊர்ல இருக்கற ஆபீஸ் பூராவும் எந்த மாடி, எந்த ரூம்னு தெரியும். அது தெரியல."

ஊரோட நாடித்துடிப்பும் அவர் தோளில்தான். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, 2020 லாக்டவுனில், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது... பேப்பரில் படிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "பையைத் தூக்குனாப் போதும். காத்தாட்டம் இருந்தா ஊருக்குச் சங்கடம்னு அர்த்தம்." பை லேசாக இருந்தால் முட்டிக்கு நல்லதுதானே என்று ஜோக்கடித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட காலம்

ஆரம்பத்தில் ரன் ஷீட் என்று ஒரு காகிதம். டெலிவரி கொடுத்ததும் அதில் கையெழுத்து வாங்கணும். எப்போது டீ குடித்தார், எந்தச் சந்தில் புகுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கையில் ஸ்கேனர், போனில் ஜி.பி.எஸ். கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றால் சூப்பர்வைசரிடமிருந்து போன். நாம் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு தடவை வந்தது. "பஞ்சருங்க" என்று கூசாமல் சொன்னார். (நமக்காகச் சொன்ன பொய். மன்னிக்கவும் சூப்பர்வைசர் சார்!)

அதைவிட அவரை அரிக்கிற விஷயம் வேற. கிளையில் இப்போது கம்பெனி ரோலில் இருக்கும் டெலிவரி ஆள் அவர் ஒருத்தர்தான். மற்ற பையன்கள் எல்லோரும் வெண்டர் மூலமாக வந்தவர்கள். அதே ரூட், அதே பை, அதே வெயில். ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான். "கம்பெனி என்னைப் புழிஞ்சுதுங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா புழிஞ்சதுக்குக் கணக்கு வெச்சிருந்துது. இந்தப் பசங்களுக்கு அந்தக் கணக்கே இல்லீங்களே."

காமர்ஸ் மக்கா, அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 15,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 24 வருஷத்தால் பெருக்கினால் 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம். மாசாமாசம் பி.எஃப். பிடித்தது தனி. 58 வயதுக்கு மேல் பென்ஷன்: 15,000-ஐ 24-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாசம் 5,000-ஐச் சுற்றி. பெரிய தொகையா? இல்லை. ஆனால் அண்ணியோட ஆபரேஷன் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பைசா செலவில்லாமல் நடந்தது என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

ஆப்பில் ஓடுகிற நம்ம ஆட்களுக்கு? சட்டத்தின் பார்வையில் நீங்கள் தொழிலாளி-முதலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் கம்பெனிகள் வருட வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குக் கொடுக்கணும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்குத் தனி நலவாரியமே வந்தாச்சு. அதில் பதிவு செய்தவர்கள் கையைத் தூக்குங்க... என்ன, இந்தத் தடவை ஒரு கையையும் காணோம்?

அமெரிக்கா அண்ணன்கள்

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்று 1907-ல் ஆரம்பித்த கம்பெனி. பிரவுன் வண்டி, பிரவுன் யூனிஃபார்ம். வண்டிச் சாவியை எந்த விரலில் மாட்டணும் என்பது வரைக்கும் 340 விதிமுறை வைத்து டிரெயினிங் கொடுப்பார்கள். 25 வருஷம் விபத்தில்லாமல் ஓட்டினால் தனி மரியாதை. ஆனால் அங்கே சங்கம் ஸ்ட்ராங். 1997-ல் 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் 15 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். 2023 ஒப்பந்தப்படி, அது முடியும்போது ஒரு முழுநேர டிரைவருக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து வருஷத்துக்கு சராசரியாக 1 லட்சத்து 70 ஆயிரம் டாலர் என்று கம்பெனியே சொன்னது. ஆஹா என்று வாயைப் பிளக்க வேண்டாம். 2025-ல் அதே கம்பெனி 48,000 வேலைகளைக் குறைத்தது.

இதை அண்ணனிடம் சொன்னோம். சம்பளத்தைவிட அந்த 340 விதிமுறைதான் அவருக்குப் பிடித்துப்போனது. "நானும் சாவியைச் சுண்டுவெரல்லதானுங்க மாட்டுவேன்!" சரி என்று டாம் ஹாங்க்ஸின் 'காஸ்ட் அவே' கதையையும் எடுத்துவிட்டோம். கூரியர்க்காரர் தீவில் மாட்டி, நாலு வருஷம் கழித்துத் தப்பி வந்து, பிரிக்காமல் வைத்திருந்த ஒரு பார்சலை டெலிவரி கொடுப்பாரே! கண்ணை மூடிக் கேட்டவர், "நாலு வருஷம் லேட்டுன்னா மெமோ எத்தனை பக்கம் வந்திருக்கும்?" என்றார்.

பையன் வந்தான்

நாலு மணிக்கு வானம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. அண்ணனோட பையன். பி.காம். இரண்டாம் ஆண்டு. முதுகில் சாப்பாட்டு டெலிவரி பை! ஆறு மாசமாகப் போகிறானாம். இப்போது காலேஜை கரஸ்ஸில் மாற்றிக்கொண்டு முழுநேரம் ஓடட்டுமா என்று ஒரு வாரமாக வீட்டில் கேட்கிறானாம். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. நம்மிடம் கொஞ்சம் முன்னால் சொன்னது இதுதான்: "வேண்டாம்னு சொல்ல வாய் வரல தம்பி. இந்த வேலைலதான் அவனை வளத்தேன். சேரிக்குப் போன்னும் சொல்ல முடியல."

"அப்பா, மழை வரும்போல இருக்குது. மழைன்னா இன்சென்டிவ் ஜாஸ்தி. லாகின் பண்ணிட்டேன்" என்றான் பையன்.

"செமஸ்டர் எப்பொ?"

"பதினஞ்சு நாள் இருக்குதுப்பா."

அண்ணன் குனிந்து அவன் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒண்ணும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து கம்பெனி ரெயின்கோட்டை எடுத்தார். கம்பெனி கோட்டை வெளியாள் போடக்கூடாது, அதுவும் ரூல். லோகோ தெரியாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறி, பையனிடம் நீட்டினார்.

பையன் போட்டுக்கொண்டு கிளம்பினான். முதல் தூறல் விழுந்தது. அண்ணன் பிக்கப் பையை ரெண்டு பாலிதீன் கவரில் சுற்றிக் கட்டினார், ஹெல்மெட்டை மாட்டினார், டீயில் பாதி அப்படியே இருந்தது.