குடிசைக்கு ஒரு தேதி

தேர்தல் நெருங்கிவிட்டால் நம் விடுதிகளில் கட்சிகளின் கொள்கைகளைப் பற்றி வாதம் சூடு பிடிக்கும். மான்குர்த் குடிசைப் பகுதிகளிலோ, "இந்தத் தடவையாவது தேதியை நீட்டுவார்களா?" என்றுதான் கேட்பார்கள். அங்கே வளர்ந்தவன் என்ற முறையில் அக்கேள்வியின் பொருளை விளக்க முற்படுகிறேன்.

மும்பையின் கிழக்கு ஓரத்தில், தேவனார் குப்பைமேட்டை அடுத்துள்ளது மான்குர்த். 2009இல் வெளிவந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில், இது அடங்கிய 'எம் கிழக்கு' வட்டத்துக்குத்தான் கடைசி இடம். தண்ணீர், கக்கூஸ், மருத்துவமனை எனக் குறைகள் பல. ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் கவலை, இருக்கும் இடம் நிலைக்குமா என்பதே.

அதற்கு விடை சொல்வது ஒரு தேதி. குறித்த நாளுக்கு முன் எழுந்த குடிசையை இடித்தால் மாற்று வீடு உண்டு. பின் எழுந்ததற்கு இல்லை. 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்படச் சீட்டு வழங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம், அவசரநிலைக் காலத்தில், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டது. தமிழர் பலர் வாழ்ந்த இடம் அது. மக்கள் சீட்டா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். கோலார் தங்கவயலில் பிறந்த ஜாக்கின் அற்புதம் குடிசை மக்களைத் திரட்டத் தொடங்கியது அந்தக் காலனியில்தான்.

பின் வந்த தேதிகள் தேர்தல்களை ஒட்டியே வந்தன. 1995இல் சிவசேனை 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு தருவதாகக் கூறியது. கூட்டணியோடு ஆட்சியும் அமைத்தது. 1-1-1995 எல்லைத் தேதியாயிற்று. 2004இல் காங்கிரஸ் அதை 2000ஆக நீட்டுவதாக வாக்களித்து வென்றது. அந்த டிசம்பரிலேயே குடிசைகள் இடிபடத் தொடங்கின. மான்குர்த்தின் மண்டாலாவும் தப்பவில்லை. 2000 என்பது சட்டத்தில் ஏறியது 2014இல். அதுவும் தேர்தல் ஆண்டே! அதற்குப் பின், 2011க்குள் வந்தோருக்கும் வழி திறந்தது, ஆனால் விலை கொடுத்தால்தான் வீடு.

ஏன் எப்போதும் ஜனவரி முதல் நாள்? வாக்காளர் பட்டியல் அந்நாளைக் கொண்டே தயாராகி வந்தது. குடியிருப்புக்குச் சான்றாக அரசு முதலில் பார்த்ததும் அப்பட்டியலைத்தான். எனவே குடிசைவாசிக்கு அது வீட்டுப் பத்திரத்துக்குச் சமம். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பட்டியலின் நகல் என் பட்டச் சான்றிதழுக்கு மேலே இருக்கிறது.

இந்த முறையில் உரிமை தவணையாகி விடுகிறது. ஒவ்வொரு முறை நீட்டும்போதும், எல்லைக்கு மறுநாள் வந்தவன் வெளியே நிற்கிறான். அவனிடம் சொல்ல அடுத்த தேர்தலுக்கு ஒரு வாக்குறுதி மிஞ்சுகிறது.

நண்பர்களே! பட்டியலில் பெயர் சேரச் சொந்த வீடு வேண்டியதில்லை. வழக்கமாகக் குடியிருப்பதே போதும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் 18 வயதுக்குத் தகுதி நாட்கள். நிரப்ப வேண்டியது 6ஆம் படிவம். குடிசை இடிந்தால் பெயரும் நீங்கிவிடக்கூடும்; ஆகவே அடிக்கடி சரிபார்க்க வேண்டும். இதை எடுத்துச் சொல்லத் தெருவுக்கு ஒரு படித்த பிள்ளை போதும். கட்சிக்காரர் வருமுன் நாம் போவோம்.