கொள்ளையில் பிறந்த துக்கச் சொல்

ஆங்கிலத்தில், உற்றாரை மரணத்துக்குப் பறிகொடுத்தவரைக் குறிக்கும் ‘பெரீவ்டு’ என்னும் சொல்லும், நம்பிக்கையையோ ஆதரவையோ இழந்து வெறுமையுற்ற நிலையைக் குறிக்கும் ‘பெரெஃப்ட்’ என்னும் சொல்லும், ‘பெரீவ்’ என்ற ஒரே வினையின் இரு வடிவங்களே என்பது நேயர்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். அந்த வினையோ, பழைய ஆங்கிலத்தில், பிறர் உடைமையைப் பலவந்தமாக அபகரிப்பதை, அதாவது அப்பட்டமான கொள்ளையைக் குறித்தது; 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுத்தான், உயிர், நம்பிக்கை, உற்றார் முதலிய, விலைமதிப்புக்கு அடங்காத செல்வங்களின் இழப்புக்கே அது பெரும்பாலும் உரியதாயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வர்த்தகன்’ நாடகத்தில், போர்ஷியாவைக் கைப்பிடிக்கும் பாக்கியம் பெற்ற பஸ்ஸானியோ, ஆனந்த மிகுதியால் தான் பேச்சிழந்து போனதைச் சொல்லவும் இதே வினையைத்தான் பிரயோகிக்கிறான். காதலும் ஒருவகைக் கொள்ளைதானே! இக்காலத்தில், துக்க வீட்டாருக்கு அனுதாபக் கடிதம் எழுதுவோர் ‘பெரீவ்டு’ என்பதைக் கையாள்வதே உசிதம். பதினெட்டு வயது நிரம்பாத மகவை இழந்த ஊழியருக்கு இரண்டு வார விடுப்பு அளிக்கும்பொருட்டு 2018-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலும் ‘பெரீவ்மென்ட்’ என்ற சொல்லே இடம்பெற்றுள்ளது.