கணக்கும் கவிதையும்: பாரதியின் ‘சித்தக் கடல்’ குறிப்புகளும் கையெழுத்துப்படிகளும்

1921 செப்டம்பரில் பாரதி மறைந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. இன்று ‘பாரதி நூல்கள்’ என்று தமிழுலகம் படிப்பவற்றுள் கணிசமான பகுதி, அவர் தம் கண்ணால் அச்சில் காணாதது. ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகத்தை அவர் 1912இல் வெளியிட்டார், இரு பாகங்களும் சேர்ந்த நூல் 1924இல்தான் வந்தது. ‘சந்திரிகையின் கதை’ முற்றுப்பெறாமலே நின்றது. ஆகவே பாரதியின் கையெழுத்துப்படி, நினைவுப்பொருள் என்ற நிலையைக் கடந்து, பல இடங்களில் மூல ஆதாரமாகிறது.

அவ்வாதாரங்களுள் தனித்தன்மை உடையது ‘சித்தக் கடல்’. 1915 ஜூலையில் புதுச்சேரியில் தேதியிட்டு எழுதப்பெற்ற நாட்குறிப்பு வடிவிலான உரைநடை அது. பராசக்தியை முன்னிலைப்படுத்தி அவர் பேசுகிறார். கடன்காரர் ஓயாது நெருக்க, அரிசிக்கும் உப்புக்கும் வழி தேடிக்கொண்டிருந்தால் அவளைப் பாடுவது எங்ஙனம் என்பது அவர் முறையீட்டின் சாரம். இப்பகுதியைப் ‘பாரதியின் வறுமை’க்குச் சான்றாக மட்டும் காட்டுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அவ்வாசிப்பு போதுமானதன்று. அங்கு இரங்கலினும் உரிமைக் குரலே ஓங்கி நிற்கிறது: பாடுவது தம் கடமை; பாடுவதற்குரிய ஓய்வைத் தருவது தெய்வத்தின் கடமை. பக்தி மொழிக்குள்ளே ஓர் எழுத்தாளரின் தொழில்சார்ந்த கோரிக்கை ஒலிக்கிறது. வீட்டுக் கணக்கும் வழிபாடும் தனித்தனி ஏடுகளுக்குரியவை என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

இக்கோரிக்கை ஐந்தாண்டுகளுக்குப்பின் வேறு வடிவம் கொண்டது. 1920இல் கடையத்திலிருந்த பாரதி, தம் கையெழுத்துப்படிகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பதினாயிரம் படி வீதம் நான்கு லட்சம் படிகள் அச்சிடும் திட்டத்தைச் சுற்றறிக்கையாக அனுப்பினார். அச்சுச் செலவுக்கு அன்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் தம் நூல்கள் வீடுதோறும் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. திட்டம் நிறைவேறவில்லை. எனினும், பெட்டியில் கிடந்த தாள்களை முதலாகக் கருதிக் கணக்கிட்ட ஒருவரை, உலகியல் அறியாத கவிஞர் என்று சித்திரிப்பது பொருந்துமா என்பது எண்ணத்தக்கது.

அத்தாள்களுக்கு ஆபத்தும் இருந்தது. புதுச்சேரியில் பிரித்தானிய ஒற்றர் கண்காணிப்பில் வாழ்ந்த காலத்தில் ‘சின்னச் சங்கரன் கதை’யின் படி களவு போயிற்று என்றும், மீண்டும் எழுதத் தொடங்கியது முடிவுறவில்லை என்றும் கூறப்படுகிறது. அச்செய்தி உண்மையாயின், இன்று கிடைப்பது பாரதியின் நினைவிலிருந்து மீண்ட பாடமே ஆகும்.

பதிப்பு நெறிக்கு இவற்றினும் நெருக்கமான சிக்கல் எழுத்து முறையைப் பற்றியது. ‘தமிழில் எழுத்துக் குறை’ என்ற கட்டுரையில், பிறமொழி ஒலிகளைக் குறிக்கத் தமிழ் எழுத்துக்குத் துணைக்குறிகள் வேண்டும் என்று பாரதி வாதிட்டார், வ.உ.சி. அதனை மறுத்தார். ஒலிக்கும் வரிவடிவத்துக்கும் உள்ள இடைவெளியை இத்துணை கூர்ந்து நோக்கியவர் ‘சக்தி’, ‘தேசீயம்’, ‘ஜயம்’ என எழுதியதைப் பதிப்பாசிரியர் தம் காலத் தனித்தமிழ் வழக்குக்கேற்பத் திருத்தினால், மறைவது ஓர் எழுத்து மட்டுமன்று. அவர் நிலைப்பாடே மறைகிறது. பாடல்களின் தலைப்பில் அவர் குறித்த இராகமும் தாளமும் இத்தகையனவே. அவற்றை நீக்கி அச்சிடும் மலிவுப்பதிப்புகளில் இசைப்பாடல் வெறும் செய்யுளாகிவிடுகிறது.

இவ்வகையில் கொங்கு நாட்டின் பங்கு நினைக்கத்தக்கது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்கிய காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். கோவையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ம.ரா.போ. குருசாமியின் பெயர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட பாரதி பாடல்கள் ஆய்வுப்பதிப்போடு இணைந்தது. பாடவேறுபாடுகளை முறைப்பட எண்ணிய அம்முயற்சி பாடல்களுக்கு உரியது. ‘சித்தக் கடல்’ போன்ற குறிப்புகளோ பொது உரைநடைத் தொகுதிகளில் ஏனைக் கட்டுரைகளோடு கலந்தே கிடக்கின்றன. தேதியிட்ட நாட்குறிப்பு என்ற அவற்றின் இயல்பு அங்கு வாசகர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.