வீட்டில் அளக்கும் கருவியும் நர்ஸின் அனுபவமும்

நோயாளி தம் இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்தறிய உதவும் டிஜிட்டல் கருவிகள் இப்பொழுது பரவலாக வழக்கில் உள்ளன. பட்டையை மேற்கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்கள் தோன்றும். சில கருவிகள் அவற்றைக் கைபேசிக்கும் அனுப்பும். எனினும், எண் தோன்றிய மாத்திரத்தில் அது சரியான அளவாகிவிடாது.

அளக்குமுன் 5 நிமிஷம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்திருத்தல் வேண்டும். அதற்கு முந்திய 30 நிமிஷத்தில் காப்பியும் புகையிலையும் ஆகா. பட்டை இருதயத்தின் மட்டத்தில் இருத்தல் வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிட அதிகமான அழுத்தம் காட்டும்.

கருவியை அமைக்கும் பொறியியல் நிபுணர் இவ்விதிகளை அறிவார். ஆனால் மக்கள் அவற்றை எங்கே தவறவிடுகின்றனர் என்பதை நாள்தோறும் காண்பவர் நர்ஸே. அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவுடன் அளப்பவர், சட்டையின்மேல் பட்டையைச் சுற்றுபவர், எண் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவர் ஆகிய பலரையும் அவர் கண்டிருக்கிறார். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி எதுவுமின்றியே இருந்து, பக்கவாதத்தையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கக்கூடியது. ஆகவே, தவறான எண் தரும் ஆறுதல் ஆபத்தானது.

நர்ஸின் அறிவு தொடக்கத்திலேயே இடம்பெறுமாயின், கருவி 5 நிமிஷ ஓய்வை எண்ணிக் காட்டுமாறும், எழுத்தறியாதவருக்குக் குரலால் கூறுமாறும், எண் குறைந்த நாளிலும் மருந்தைத் தொடருமாறு நினைவூட்டும்படியும் அமைக்கப்படலாம். எச்சரிக்கை வந்தால் அதற்கு யார், எப்பொழுது பதிலளிப்பது என்னும் வினாவையும் அவரே முதலில் எழுப்புவார். ஏனெனில் அவ்வேலை பெரும்பாலும் அவர்மீதே வந்து சேரும்.

இம்முறையின் பயனை நம் நாட்டிலேயே காணலாம். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் பயன்படும் ‘சிம்பிள்’ என்னும் செயலி, நோயாளிக்கன்றி மருத்துவ நிலைய ஊழியருக்காக ஏற்பட்டது. நர்ஸுகள் வேலை செய்யும் இடத்திற்கே சென்று, அவர்கள் அதைக் கையாளும் விதத்தைக் கண்டு, அமைப்பாளர்கள் அதைத் திருத்தினர். இணையத் தொடர்பு இல்லாதபோதும் அது இயங்கும். நோயாளியின் அட்டையிலுள்ள க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் அவருடைய குறிப்பு உடனே கிடைக்கும். நெரிசல்மிக்க நிலையத்தில் இவையே முக்கியத் தேவைகளாகும்.

முடிவாகிவிட்ட கருவியை நர்ஸிடம் கொடுத்துப் பயிற்சி அளிப்பது மட்டும் போதாது. கருவி உருவாகும்போதே அவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும், மக்கள் கருவியைப் பயன்படுத்துகையில் காணும் பிழைகளை அவ்வப்போது குறித்து வைத்து நர்ஸுகளிடம் தெரிவித்தால், அடுத்த கருவி மேலும் செம்மையாக அமைய அது உதவும்.