பாசிக்குடா விளம்பரத்தில் வராத போர்

விடுமுறைக் கால விளம்பரங்கள் போரைக் கையில் எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பண்டிகை என்றால் வீடு திரும்புவது. அப்படித் திரும்ப முடியாமல் குளிரில் காவல் நிற்கும் சிப்பாயைக் காட்டினால் யாருக்கும் நெஞ்சு இளகும். பிரித்தானியாவின் செயின்ஸ்பரீஸ் பேரங்காடி 2014 நத்தாருக்கு வெளியிட்ட விளம்பரம் இதற்குப் பேர்போனது. 1914 நத்தாரன்று, முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் சில இடங்களில் பிரித்தானிய, ஜேர்மன் சிப்பாய்கள் சுடுவதை நிறுத்திக் கைகுலுக்கிய உண்மைச் சம்பவமே அதன் கதை. முடிவில் ஜேர்மன்காரனின் கோட்டுப் பையில் ஒரு சொக்லேட் கிடக்கும். அதே சொக்லேட் கடையிலும் விற்பனைக்கு வந்தது; முன்னாள் படையினருக்கு உதவும் றோயல் பிரிட்டிஷ் லீஜியனுக்கு அதில் பங்கு போனது. மரணத்தை வைத்து வியாபாரமா என்று நூற்றுக்கணக்கானோர் முறையிட்டனர். பலரோ அழுதபடி பார்த்தனர்.

இரு தரப்பாருக்காகவும் ஒரே நேரத்தில் அழ முடிந்ததற்குக் காரணம் காலம். அந்தப் போரின் அகழிகளில் நின்று சண்டையிட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஹரி பாட்ச் 2009 ஜூலையில், 111 வயதில் இறந்தார். இலங்கையில் போர் முடிந்து அப்போது இரண்டு மாதம்தான்.

மட்டக்களப்பின் சுற்றுலா விளம்பரங்களிலும் இந்தக் கால இடைவெளி தெரிகிறது. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்று வாவிக்கரை அழகுகளில் ஒன்று. பீரங்கியைப் பார்த்து எவரும் கலங்குவதில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான். அதில் 307 பேர் மாண்டனர். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கும் அந்தச் சிதைவு, தேர்ந்த சுழியோடிகளுக்கான சாகசமாக விற்கப்படுகிறது.

அண்மைய போருக்கு வந்தால் பேச்சு தடுமாறுகிறது. 2007இல் விடுதலைப் புலிகளிடமிருந்து இராணுவம் கைப்பற்றிய மலைக்குச் சிங்களத்தில் தொப்பிகல என்று பெயர், தமிழில் குடும்பிமலை. அங்கே இராணுவம் அமைத்த பூங்கா வெற்றியாளரின் நினைவிடம். பெயரிலேயே பிரிந்து நிற்கும் மலையில் இரு தரப்பும் சேர்ந்து கண்கலங்கும் காட்சியை எந்த விளம்பரக்காரரும் எடுக்கத் துணியமாட்டார்.

எனவே மட்டக்களப்பு மாவட்டத்துக் கடற்கரையான பாசிக்குடாவின் விளம்பரங்களில் போரே இல்லை. முழங்காலளவு நீர் வெகுதூரம் விரிய, அதில் கைகோத்து நிற்கும் ஒரு குடும்பம்; கூடவே ‘மாசுபடாத கரை’ என்ற வகை வாசகம். அது மாசுபடாமல் கிடந்தது எதனால்? எழுபதுகளில் பயணிகள் வந்துபோன கரை அது. பின்னர் போர் விடுதிகளை மூடவைத்தது, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் அடித்தது. 2011 முதல் எழுந்த புதிய விடுதிகள் விற்பது, சண்டை பல ஆண்டுகள் ஆளரவமில்லாமல் வைத்திருந்த மணலை. செயின்ஸ்பரீஸ் போரைக் காட்டிச் சொக்லேட் விற்றது; இங்கே போரின் விளைவு மட்டும் விற்பனையாகிறது, போர் படத்துக்கு வெளியே நிற்கிறது.

மீனவரின் வள்ளம் மட்டும் படத்துக்குள் வந்துவிடுகிறது, அழகுக்காக. விடுதிகள் வந்தபின் வள்ளம் ஏற்றி வைக்க இடம் சுருங்கிவிட்டதென்று அந்தக் கரையின் மீனவர்கள் முறையிட்டதுண்டு.