முதலையின் நியாயம் சிங்கத்துக்கு ஆகுமா?

காரைக்காலில் மிருகக்காட்சிசாலை கிடையாது. புலியையும் சிங்கத்தையும் பார்க்க ஆசைப்படும் நம் பிள்ளைகள், எட்வர்டு பால்ஃபர் 1855-ல் சென்னை எழும்பூரில் தொடங்கி வைத்து, 1985 முதல் வண்டலூரில் ஏறக்குறைய 600 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் காட்சிசாலைக்குத்தான் போய்வர வேண்டும். போய்வந்த வீடுகளில் விவாதமும் கூடவே வந்துவிடுகிறது: இவை இருக்கலாமா, கூடாதா? வாதிடுகிறவர்களில் பெரும்பாலோர் உலகத்து மிருகங்கள் அனைத்தையும் ஒரே பட்டியில் அடைத்துவிட்டுப் பேசத் தொடங்குவதே இந்த விவாதத்தின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

வேளைக்கு ஆகாரம், வைத்தியம், நீண்ட ஆயுள் என்று ஆதரவாளர் சொல்வது பலவீனமான வாதம். சிறைவாசத்துக்கும் அதே சமாதானத்தைச் சொல்லிவிடலாம். காட்டில் மிருகங்கள் ஆனந்தமாக வாழ்கின்றன என்று எதிர்ப்பாளர் சொல்வதும், வறட்சியையும் பட்டினியையும் ஒட்டுண்ணிகளையும் மறந்த கற்பனையே.

வலுவான ஆதரவு வாதம் கரியல் முதலையிடம் இருக்கிறது. நீண்டு மெலிந்த மூக்குடைய, மீனுண்ணும் இந்த ஜீவன் 1970-களின் நடுவில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட, 1975-ல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. ஆற்றங்கரை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துச் சம்பல் நதி போன்றவற்றில் விட்டார்கள். 1980-ல் ஒடிசாவின் நந்தன்கானனில் அது காப்பிடத்திலேயே இனப்பெருக்கமும் செய்தது. ஆயினும் 2007-08 குளிர்காலத்தில் சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியல்கள் மாண்டன. நதி நலமாயிராவிட்டால் வளர்த்து விட்டதன் பயன் என்ன என்று கேட்பவரும் வலுவான வாதத்தையே வைக்கிறார். மாமல்லபுரத்துக்கருகே 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் நிறுவிய முதலைப் பண்ணையில், கொள்ளிடத்தில் நாம் அறிந்த அதே சதுப்பு முதலை, விடுவதற்கு இடமில்லாத அளவுக்குப் பெருகிவிட்டது. ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஜனங்களிடம் இன்னும் நூறு முதலைகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யார் போய்ச் சொல்வது!

இப்படிச் சம்பாதித்த புண்ணியத்தைச் சிங்கத்தின் கணக்கில் வரவு வைக்கும்போதுதான் நான் மறுக்கிறேன். வண்டலூர்ச் சிங்கம் குஜராத்தின் கிர் காட்டுக்குத் திரும்புவதற்கென்று வளர்க்கப்படவில்லை. அதை வைத்திருப்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். அதுபோலவே, கூட்டமாக நெடுந்தூரம் நடந்து வாழும் யானைக்குக் காட்சிசாலை பொருந்தாது என்று மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையமே 2009-ல் தீர்மானித்து, அவற்றை முகாம்களுக்கும் காடுகளுக்கும் மாற்றச் சொன்னது. அந்த நியாயத்தை முதலைக்கெதிராகத் திருப்புவதும் சரியாகாது.

எஞ்சி நிற்பது கல்வி என்ற வாதம். பார்த்த குழந்தை அன்பு கொள்ளும் என்பது கேட்க இனிமையாயிருந்தாலும், கூண்டில் கல்லெறிந்துவிட்டுப் பலகையைப் படிக்காமலே நகரும் கூட்டத்தைக் கண்டவர்க்கு அது நிரூபிக்கப்பட வேண்டிய வாக்குறுதியாகவே படும். நமக்கோ நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியே தெற்கே போனால், 1967 முதல் சரணாலயமாயிருக்கும் கோடியக்கரையில் வெளிமான்கள் வேலியின்றி மேய்கின்றன. அவற்றின் புல்வெளியைச் சீமைக் கருவேலம் விழுங்குவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் நடுப்பகல் வெயிலில் ஒரு மானும் கண்ணில் படாமல் திரும்ப நேர்ந்தால், வண்டலூர்ப் பக்ஷத்தார் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.