ஆய்வுக்கூடச் சாமான், தோட்டத்துக் கணக்கு

வெண்ணந்தூர் வட்டார வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "மகன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அளவுக்குவளை, தராசு என்று என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். இதில் எதுவாவது நம்மைப்போன்ற சிறு விவசாயிக்குப் பயன்படுமா?"

பயன்படும். முதலில் குச்சிக்கிழங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கம் பணம் அதிகம் கைமாறுவது அங்கேதான். சேகோ மில்லில் மாவுச்சத்துப் புள்ளியைப் பார்த்துத்தான் டன் விலை போடுகிறார்கள். 10 டன் ஏற்றிப் போய் 2 புள்ளி குறைந்தால், ஒரு புள்ளிக்கு என்ன விலையோ அதைப்போல 20 மடங்கு நம் கையை விட்டுப் போகிறது.

அந்தப் புள்ளிக்கு அடிப்படை மிக எளிது. மாவு தண்ணீரைவிடக் கனமானது. மாவு ஏறிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொக்கி உள்ள தொங்கு தராசு ஒன்று, வலைப்பை ஒன்று, பெரிய டிரம்மில் தண்ணீர், இவை போதும். வயலில் பல இடங்களில் பிடுங்கிய கிழங்கை மண் போகக் கழுவி, ஈரம் வடியவிட்டு, சரியாக 5 கிலோ எடுங்கள். பையில் போட்டுத் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். பை டிரம்மின் பக்கத்திலோ அடியிலோ தொடக்கூடாது. காற்றுக் குமிழி போகப் பையை இரண்டு முறை ஆட்டிவிடுங்கள். வெறும் பையின் எடையையும் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக் கழித்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் 500 கிராம் காட்டினால் ஒப்படர்த்தி 1.11. 600 கிராம் காட்டினால் 1.136. எடை கூடக்கூட மாவு அதிகம் என்று அர்த்தம். வெறும் 100 கிராமுக்குள் இத்தனை வித்தியாசம் அடங்கியிருப்பதால் 10 கிராமைத் தெளிவாகக் காட்டும் தராசாக இருக்கவேண்டும். பழைய வில் தராசு இதற்கு ஆகாது.

நீங்கள் பார்க்கும் கிராம் அப்படியே மில் புள்ளி ஆகிவிடாது. அதனால் லோடு ஏற்றும் நாளெல்லாம் உங்கள் எடையையும் மில் போட்ட புள்ளியையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். நாலைந்து லோடு போனால் எத்தனை கிராமுக்கு எத்தனை புள்ளி என்று உங்களுக்கே பிடிபடும். பிறகு ஒருநாள் திடீரென்று புள்ளி இறங்கினால், "என் கண் முன்னால் இன்னொரு மாதிரி எடுத்துப் பாருங்கள்" என்று நோட்டைக் காட்டிக் கேட்கலாம். சண்டை போடத் தேவையில்லை.

இன்னொரு பலனும் உண்டு. நீண்ட வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்தால், கிழங்கில் சேர்ந்த மாவு துளிருக்குச் செலவாகும். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் இப்போதே பிடுங்கலாமா, பொறுக்கலாமா என்று தெரியும். பிடுங்கிய கிழங்கை மட்டும் வைத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு லாக்டோமீட்டர். கறந்த சூட்டோடு மிதக்கவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். தண்ணீர் கலக்காத பாலுக்கும் கெட்ட பெயர் வரும். நுரை அடங்கி, பால் ஆறியபின் பாருங்கள். எந்த வெப்பநிலைக்கான கருவி என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். கொழுப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்தால் இந்தக் கருவி ஏமாந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்து அளக்க 10 மில்லி பிளாஸ்டிக் அளவுக்குவளை வாங்குங்கள். டேங்குக்கு 3 மில்லி என்று எழுதித் தந்ததை பாட்டில் மூடியால் ஊற்றினால், மூடிக்கு மூடி அளவு மாறும். குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்து, திரவத்தின் நடுப்பள்ளத்தைப் பார்த்து அளவு எடுக்கவேண்டும். கையுறை மறக்கக்கூடாது. அதே குவளையில் வீட்டில் பிள்ளைக்கு இருமல் மருந்து அளந்த குடும்பங்களும் உண்டு, கேட்கவே பதறுகிறது. வாங்கிய அன்றே சிவப்பு பெயிண்ட் அடித்து, மருந்துப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.